தானாகக் கோடு போட்ட கணினி

லேசர் ஸ்கேன் வேலை என்றால், ஒரு தொழிற்சாலையையே கோடிக்கணக்கான புள்ளிகளாகக் கணினிக்குள் கொட்டிவிட்டு, தூண் எங்கே, குழாய் எங்கே என்று தேடித்தேடிக் கோடு போடுவது. கண் எரிய எரிய மவுஸ் பிடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2012 வாக்கில் தண்டலத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் இருந்தேன். இப்போதும் பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் எங்கள் மாடி ஜன்னலைக் கண் தேடும். கோட்டைத் தானாகவே கண்டுபிடிக்கும் இரண்டு மென்பொருள்களைச் சோதனைக்கு வாங்கிய மேலாளர், எது தேறும் என்று பார்க்கச் சொன்னார். ஒரகடத்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் புள்ளிகளை இரண்டுக்கும் கொடுத்தேன்.

முருகேசன் தூணானது

ஸ்கேனரை இயக்கியவன் தூத்துக்குடி முருகேசன். கருவி சுற்றும்போது விலகாமல், போனில் பேசியபடி விறைப்பாக நின்றிருக்கிறான். முதல் மென்பொருள் அவனுக்கு இரண்டு செங்குத்துக் கோடு போட்டுத் தூணாக்கிவிட்டது. நாங்கள் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கோபமே வரவில்லை. "ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கான்னு எங்கம்மா பொலம்பிக்கிட்டே இருக்கும். இதைப் பிரிண்ட் எடுத்துக் குடுங்கக்கா, ஊருக்கு அனுப்புதேன்!"

வால்வு இல்லாத குழாய்

இரண்டாவது மென்பொருள் முருகேசனை விட்டுவிட்டது. ஆனால் கேன்டீன் பக்கம் வால்வே இல்லாமல் நீளமாக ஒரு குழாய் காட்டியது. படத்தைப் பார்க்க வந்த அந்தத் தொழிற்சாலையின் பராமரிப்பு சூப்பர்வைசர் ஏகாம்பரம் பென்னலூர்க்காரர். மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது பைப் இல்லம்மா, எங்க பசங்க துண்டு காயப்போடுற கயிறு. இதுல தண்ணி வராது, வேர்வைதான் வரும்!"

உடைந்த கோடு

பேக்கிங் பகுதிக்கு மேலே ஒரு இரும்பு பீம். முதல் மென்பொருள் அதற்கு நீளமாக, அழகாக ஒரே நேர்கோடு போட்டது. இரண்டாவதோ துண்டு துண்டாக உடைத்துப் போட்டது. தோற்றது இதுதான் என்று நினைத்தேன். ஆனால் நடுத் துண்டுகள் எல்லாம் ஓரத்தை விடத் தாழ்ந்திருந்தன. சந்தேகம் வந்து, கோடுகளை நீக்கி வெறும் புள்ளிகளைப் பக்கவாட்டில் பார்த்தேன். பீம் வயிறு தொங்கிக் கிடந்தது.

ஏகாம்பரத்துக்குப் போன் செய்தேன். அந்த பீமில்தான் புதிதாகப் பளு தூக்கும் கருவியை மாட்டியிருந்தார்களாம். அவர் உடனே லைனை நிறுத்தி ஆட்களை வெளியேற்றினார். உற்பத்தி மேலாளர் கத்தியும் அசையவில்லை. பொறியாளர்கள் ஏறிப் பார்த்தபோது வெல்டிங் விரிசல் விட்டிருந்தது. முட்டுக் கொடுத்த பிறகுதான் உள்ளே ஆள் விட்டார்கள். மறுநாள் ஏகாம்பரம் எங்கள் அலுவலகத்துக்கே வந்து, உட்காராமல் நின்றபடியே சொன்னார்: "நேரா கீதுன்னு சொன்னத நம்பியிருந்தா, கீழ வேலை செஞ்சுக்கினு இருந்த பொண்ணுங்க கதி இன்னாம்மா ஆயிருக்கும்?"

கடைசியில் எந்த மென்பொருளை வாங்கினீர்கள் என்று கேட்டால், எங்கள் மேலாளர் முடிவெடுப்பதற்குள் சோதனைக்காலம் முடிந்துபோய், நாங்கள் மறுபடி கையாலேயே கோடு போட்டோம் என்பதுதான் பதில்.