வடக்கே தலைவைத்த பிள்ளைக் கட்டில்

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. மகள் ஆதிரைக்கு இரட்டைப் பின்னல் போடுவதற்காக உச்சியிலிருந்து பிடரி வரை சீப்பு நுனியால் வகிடு எடுத்துக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. என் கணவர் ரவியின் அக்கா, லண்டனின் இன்னொரு மூலையான மோர்டனிலிருந்து. மச்சாள் கதைப்பதற்குக் கைபேசியே தேவையில்லை, அவர் மோர்டனில் வாய் திறந்தால் லூயிஷாமில் எங்களுக்குக் கேட்கும் என்று வீட்டில் பகிடி பண்ணுவோம். அன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டும் குரல் எழும்பவில்லை. "என்ன மச்சாள், வடிவாக் கதையுங்கோ" என்றேன். "தவம் மோசம் போட்டா" என்றார். நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எடுத்த வகிடு பாதியில் கோணிப்போனது. "அம்மா, லேட்டாகுது" என்றாள் மகள். திரும்பவும் முதலிலிருந்து வாரத் தொடங்கினேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்குத் தவமணி அக்காவை என்னைவிட நன்றாகத் தெரியும். கோயிலில் கூடப் பாடியவர்கள் இருப்பீர்கள், வேலையில் கூட நின்றவர்கள் இருப்பீர்கள். எனக்குத் தெரிந்தவர் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். நறுக்கென்று கதைப்பவர். பிள்ளையைத் தொடும் முன் கைகளை ஒன்றோடொன்று உரசிச் சூடாக்கிக்கொள்பவர். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்று அவருடைய கணவர் குலம் அண்ணை கேட்டபோது, எங்கே தொடங்குவதென்று நான் யோசிக்கவில்லை. அவரோடு எங்கள் கதை தொடங்கியதும் ஒரு முப்பத்தோராம் நாளில்தான்.

ஆதிரை பிறந்து முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த அன்று மொட்டை அடித்தோம். மயிர் இருந்தவரை மறைந்திருந்தது. கத்தி போனதும் வெளிச்சத்துக்கு வந்தது. பின்தலையின் வலப்பக்கம், உள்ளங்கையால் தட்டி விட்டதுபோல் தட்டையாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், ஒருவரும் பார்க்காததுபோல் இருந்தார்கள். சாப்பாடு முடிந்த பிறகுதான் ஆளுக்கொரு வைத்தியம் வந்தது. எண்ணெய் வைத்து உருட்டச் சொன்னார்கள். தானாகச் சரிவரும் என்றார்கள். ஊரில் இப்படி ஒரு பிள்ளையும் இல்லை என்றும் ஒருவர் சொன்னார். அந்த ஆளுக்கு நான் இரண்டாம் தரம் பாயசம் ஊற்றவில்லை.

கிளினிக்கில் காட்டி, அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்தான் தவம் அக்கா. தமிழ் ஆள் வருகிறார் என்றதும் எனக்குப் பாதி நோய் தீர்ந்த மாதிரி இருந்தது. அவர் பிள்ளையின் தலையை மேலே நின்று பார்த்தார். இரண்டு காதுகளிலும் விரலை வைத்து எது முன்னுக்கு நிற்கிறது என்று பார்த்தார். கழுத்தை இடப்பக்கம் மெல்லத் திருப்பினார். பிள்ளை வீரிட்டது.

"இடப்பக்கத்துத் தசை இறுகிக் கிடக்கு. அதாலதான் பிள்ளை எந்த நேரமும் வலப்பக்கம் பாக்கிறா. ஒரே பக்கம் படுத்தா அந்தப் பக்கம் தட்டையாகும். இவ்வளவும் எனக்குத் தெரியும்" என்றார். பிறகு பின்தலையில் ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. போனது, திரும்பி வந்தது, மறுபடி நின்றது. "இதில ஒரு வரம்பு மாதிரித் தட்டுப்படுது. அது எனக்குத் தெரியேல்லை, தங்கச்சி."

குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பல்ல, மூளை வளர இடம்விட்டுத் துண்டு துண்டாகப் பொருந்தியிருப்பது என்று விளக்கினார். அந்தப் பொருத்து வேளைக்கே, மூளை வளருமுன், மூடிவிட்டால், படுக்கும் பக்கத்தை மாற்றி ஒன்றும் ஆகாது. "மூடியிருந்தா?" என்று கேட்டேன். "ஒப்பரேஷன்" என்றார். "பெரும்பாலும் அப்பிடி இருக்காது. காது முன்னுக்கு வந்திருக்கிறதும் நல்ல குறிதான். ஆனா தெரியாததைத் தெரியும் எண்டு நான் சொல்லமாட்டன். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிறன்."

நான் கணக்குப் படிப்பிக்கிறவள். விடை தெரியாத கேள்வியோடு ஒரு வகுப்பை முடித்ததில்லை. அவர் படியிறங்கியதும், "தெரியாது எண்டு சொல்லவோ இவ்வளவு தூரம் வந்தவ?" என்று ரவியின் மேல் பாய்ந்தேன். ரவி கைபேசியில், தலையைச் சீராக்கும் கவசம் போட்ட பிள்ளைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை தவம் அக்கா வந்தபோது அந்தப் படங்களைக் காட்டினார். "கவசம் வேணுமோ வேண்டாமோ எண்டது பிறகு. பொருத்து மூடியிருக்கோ எண்டு தெரியாமல் இந்தத் தலையில ஒண்டையும் கொழுவ விடமாட்டன்" என்றார் அக்கா. கைபேசி சட்டைப்பைக்குள் போனது.

மச்சாள் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில்தான் நின்றார். எனக்குப் பத்தியக்கறி வைத்துத் தந்த கை அது, அதை மறக்கக் கூடாது. சண்டைக்குப் பயந்து மெட்ராஸில் சில வருடம் இருந்தவர். அங்கே பழகியது கடுகுத் தலையணை. துணிப் பைக்குள் கடுகை நிரப்பி அதில் தலையை வைத்தால் உருண்டு வரும் என்பது அவர் கட்சி. அக்கா வரும் நேரத்துக்கு அது கட்டிலுக்குக் கீழே போய்விடும். ஆனால் பிள்ளையின் கழுத்து மடிப்பில் ஒரு கடுகு ஒட்டியிருந்ததை அக்கா கண்டுவிட்டார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன். அவர் தலையணையை எடுத்துத் தரச்சொல்லி, மச்சாளின் கையிலேயே கொடுத்தார். "அக்கா, இதில மூக்கை அமத்தி வைச்சு மூச்சு விட்டுப் பாருங்கோ." மச்சாள் வீம்புக்கு முகத்தை அமர்த்தினார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது. "உங்களுக்கு நிமிரத் தெரியும். அவவுக்குத் தெரியாது" என்றார் அக்கா. அன்று பின்னேரம் அந்தக் கடுகு சட்டிக்குள் போனது.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. முடியவில்லை. எங்கள் அறை சின்னது. பிள்ளைக் கட்டிலை ஒரே சுவரோடுதான் போடலாம். தெற்கே தலைவைத்துப் போட்டிருந்தோம். இடப்பக்கம் வெறும் சுவர். ஜன்னல், கதவு, எங்கள் முகங்கள் எல்லாம் வலப்பக்கம். பிள்ளை வேறு எங்கே பார்க்கும்? "பிள்ளையின்ர தலையைத் திருப்பிக்கொண்டு நிக்காதேங்கோ. பிள்ளை பாக்க ஆசைப்படுறதை மற்றப் பக்கம் வையுங்கோ" என்பது அக்காவின் வழி. தலைமாட்டைக் கால்மாடாக்கினால் போதும், சுவர் வலப்பக்கம் வந்துவிடும், வீடு முழுக்க இடப்பக்கம் வந்துவிடும் என்றார். எனக்குக் கணக்கு உடனே புரிந்தது. மச்சாளுக்கும் உடனே புரிந்தது, வேறு விதமாக.

"வடக்கயோ? வாராத வாழ்வு வந்தாலும் வடக்கே தலைவைச்சுப் படுக்காதே எண்டு தெரியாதோ உங்களுக்கு? பச்சைப் பிள்ளையை வடக்க தலைவைச்சுக் கிடத்த நான் விடமாட்டன்."

அக்கா போன பிறகு நானே கட்டிலை மாற்றிப் போட்டேன். அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். முதல் நாள்தான் தடுப்பூசி போட்டது. அதைச் சொன்னேன். "ஊசி எல்லாப் பிள்ளையளுக்கும் போடுறதுதான்" என்றார் மச்சாள். சாமித்தட்டுக்கு முன்னால் இருந்து அழுதார். ரவி எழும்பிக் கட்டிலைப் பழையபடி தெற்கே திருப்பினார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் மூன்று பெரிய ஆட்கள், ஒருவரோடு ஒருவர் கதைக்காமல், ஒரு சின்னத் தலையைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். காய்ச்சல் இறங்கிய பிறகும் கட்டில் வடக்கே திரும்பவில்லை. பிள்ளை பழையபடி வலப்பக்கமே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

நான்தான் அக்காவுக்குக் கைபேசியில் அடித்தேன். வேலை முடிந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்தார். சப்பாத்தைக் கழற்றும்போதே, "இண்டைக்கு நான் வேலையா வரேல்லை, ஆளா வந்திருக்கிறன்" என்றார். கட்டிலைத் தொடவில்லை. மச்சாளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். தேத்தண்ணி வந்தது, குடித்தார். சாமித்தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, பிள்ளையாருக்கு யானைத்தலை எங்கயிருந்து வந்தது?"

மச்சாளும் நிமிர்ந்து சாமித்தட்டைப் பார்த்தார்.

"வடக்க தலைவைச்சுப் படுத்துக்கிடந்த யானையின்ர தலையைத்தானே வெட்டிக் கொண்டுவந்து வைச்சவை? அந்தத் தலைக்குத்தானே நாங்கள் எல்லாக் காரியத்துக்கும் முதல் தேங்காய் உடைக்கிறம்?"

"அந்த யானை செத்துப்போச்சுதே" என்றார் மச்சாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அடித்து நொறுக்க வேண்டும்போலவும் வந்தது. அக்கா சிரிக்கவில்லை. "ஓம். செத்துத்தான் போச்சு" என்று ஒத்துக்கொண்டார். பிறகு குரல் மாறியது. "இந்தப் பிள்ளையின்ர பொருத்து மூடியிருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது. மூடியிருந்தா டொக்டர்மார் பாப்பினம். மூடாட்டி, தலை கெதியா வளர்ற காலம் இதுதான், நாங்கள் ஏதும் செய்யக்கூடிய காலமும் இதுதான். போனாத் திரும்பி வராது. இதை நான் வடக்குக்கும் தெற்குக்கும் விட்டுக்குடுக்க மாட்டன். உங்கட குரலுக்குத்தான் பிள்ளை திரும்புறா அக்கா. நான் கூப்பிட்டாத் திரும்பமாட்டா, தாய் கூப்பிட்டாலும் இல்லை. நான் பாத்தனான். நீங்கள் இல்லாமல் இது நடக்காது."

மச்சாள் எழும்பிப் போய், ரவியைக் கூப்பிடாமல், தானே கட்டிலை இழுத்தார். இழுக்கும்போது வாய் ஏதோ தேவாரத்தை முணுமுணுத்தது. தலைமாட்டில் விபூதி பூசினார். அக்கா அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றிலிருந்து மச்சாள் பிள்ளையின் இடப்பக்கத்தில் குடியிருந்தார். மோர்டனில் இருக்கும் சிநேகிதிகளோடு கதைப்பது, மீன்காரனோடு விலை பேசுவது, எங்களை ஏசுவது எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான். கைக்காப்புகளைக் கிலுக்கி, "இஞ்ச பார், இஞ்ச பார், என்ர குஞ்செல்லோ, இஞ்ச பார்" என்று கூப்பிடுவார். நித்திரை மல்லாக்கத்தான். விழித்திருக்கும் நேரம் குப்புற விட்டு, அங்கேயும் இடப்பக்கத்திலிருந்து அதே குரல். முதலில் கண் மட்டும் வந்தது. பிறகு நாடி. ஒருநாள் முழு முகமும் திரும்பியது. மச்சாள் கத்திய கத்தில் கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

ஆனால் அந்த வரம்பு அப்படியே இருந்தது. கழுத்து இளகட்டும், முகம் திரும்பட்டும், பொருத்து மூடியிருந்தால் எல்லாம் வீண். குளிக்கவார்க்கும்போதெல்லாம் என் விரல் அங்கேயே போகும். பால் கொடுக்கும்போதும் போகும்.

பெரிய ஆஸ்பத்திரி நாளில் தவம் அக்கா லீவு போட்டு வந்தார். உள்ளே ரவியும் நானும். டொக்டர் தடவினார், பார்த்தார், மறுபடி தடவினார். வேறொருவரைக் கூப்பிட்டார். அவரும் தடவினார். ஒரு சின்னக் கருவியைத் தலையில் வைத்துத் திரையைப் பார்த்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. பொருத்து திறந்துதான் இருக்கிறது என்று டொக்டர் சொன்னதை ரவி இரண்டு தரம் சொல்லித்தான் விளங்கிக்கொண்டேன். அந்த வரம்பு எலும்பின் இயல்பான மேடு, அவ்வளவுதான். வெளியே வந்து அக்காவிடம் சொன்னோம். அவர் கதிரையில் பொத்தென்று இருந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்தினார். அவரும் எங்களோடு இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தால் நிமிர்ந்து, "இப்ப எனக்குத் தெரியும்" என்றார். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

செத்தவீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தீர்கள். கிரியை மண்டபத்தில் பெட்டியை வைக்கும் மேடை அசைக்க முடியாதது. "தலை வடக்கயெல்லோ கிடக்கு, தெற்க இருக்க வேணும்" என்று ஒருவர் தொடங்க, இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். குலம் அண்ணை பாவம், யாருக்கென்று பதில் சொல்வார்? மச்சாள் எழும்பினார். "கிடக்கட்டும். வடக்க தலைவைச்சு வளந்த பிள்ளை அதில நிக்கிறா, போய்ப் பாருங்கோ" என்றார். பழைய குரல். மண்டபம் அடங்கியது. பிறகு பெட்டியைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கத்துக்குப் போனார். குனிந்து, காப்புகள் கிலுங்க, "தவம், இஞ்ச பாருங்கோ. இஞ்ச பாருங்கோ, தவம்" என்று கூப்பிட்டார். ரவி வந்து கையைப் பிடிக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

ஆதிரையின் தலை முற்றிலும் உருண்டையல்ல. வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் தட்டைதான். பின்னலுக்குள் மறைந்திருக்கும், எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. தவம் அக்காவின் படமோ எழுத்தோ என்னிடம் இல்லை. காலையில் வகிடு எடுக்கும்போது சீப்பைக் கீழே வைத்துவிட்டு, கைகளை உரசிச் சூடாக்கி, அந்த வரம்பில் ஒருமுறை விரலை வைத்த பிறகுதான் பின்னத் தொடங்குகிறேன். "எனக்குத் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு, தெரியும்வரை எங்களை விட்டுப் போகாமல் நின்றாரே, அவர் விரல் முதலில் தயங்கிய இடம் அது.