வாசலில் கழற்றிய சப்பாத்து

மகளின் சப்பாத்து பறந்து வந்து என் முழங்காலில் மோதியது. மற்றது சுவரில் அடித்து விழுந்தது. எறிந்தவள் எண்பதைத் தாண்டிய ஒரு ருமேனியக் கிழவி. "போடு, காலில் போடு!" என்று ஆங்கிலத்தில் கத்தினாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. வயதைப் பார்க்காமல் ஓர் அறை விடலாமா என்றுகூட நினைத்தேன்.

டப்ளினில் எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், மலைச்சரிவில் இருந்த தன் வீட்டை அவள் தன் குடும்பத்துக்கான மியூசியமாக்கியிருந்தாள். அப்பா இசையமைப்பாளர், அம்மா நாடக நடிகை. அந்த அப்பாவின் பாட்டைப் பாடாத பள்ளிக்கூடம் ருமேனியாவில் இல்லையாம். என் மகளுக்குப் பள்ளியில் ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தைத்தான் எழுதுவேன் என்றாள். நான் விடவில்லை. யாழ்ப்பாணத்தில் என் அண்ணா எப்படிச் செத்தான் என்பது அவள் காதில் விழவே கூடாது. காய்ச்சல் என்றுதான் சொல்லி வைத்திருந்தேன். அதனால்தான் யாரோ ஒரு குடும்பத்தைத் தேடிப் பிடித்து இங்கே கூட்டிவந்தேன்.

வாசலைக் கண்டதும் பழக்கதோஷத்தில் சப்பாத்தைக் கழற்றினேன். "அம்மா, இட்ஸ் எ மியூசியம்" என்று மகள் முணுமுணுத்தாள்.

"ஆரின்ர வீடெண்டாலும் வீடுதானே, கழட்டு" என்றேன். வினை வந்தது அதனால்தான்.

கிழவி மூச்சு வாங்க எங்களைப் பியானோவின் முன்னால் இழுத்துப்போனாள். அதன் உடம்பெல்லாம் கோடரி வெட்டு. ருமேனியாவில் இருந்தபோது ரகசியப் போலீஸ் விடியற்காலையில் வந்து வெட்டியதாம். அப்பாவின் இரண்டு கைகளையும் கட்டைகளின் மேல் வைக்கச் சொல்லி, மூடியை ஓங்கிச் சாத்தினார்களாம். எலும்பு நொறுங்கிய சத்தத்தை இவள் கட்டிலுக்கு அடியில் கிடந்து கேட்டிருக்கிறாள். பிறகு அவரைச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி இழுத்துப்போனார்களாம்.

"வெறுங்காலோடு பனியில் ஓட முடியாதே" என்றாள். அப்பா திரும்பி வரவேயில்லை. அதற்குப் பிறகு அம்மா சாகும்வரை சப்பாத்தோடுதான் படுத்தாள். குதி தேய்ந்த அந்தச் சோடி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது.

எனக்கு அந்தக் கண்ணாடியைக் குத்தி நொறுக்க வேண்டும்போல் இருந்தது. "எங்கட அண்ணாவையும் செருப்புப் போட விடேல்லை" என்று வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. கிழவிக்குத் தமிழ் தெரியாது. மகளுக்குத் தெரியும்.

"வாட்? மாமாவுக்குக் காய்ச்சல் எண்டு சொன்னீங்கள்!"

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அண்ணா செருப்பைத் தேடி வாசலில் குனிந்ததையும், ஆமிக்காரன் துவக்குப் பிடியால் அவன் பிடரியில் அடித்ததையும், படியெல்லாம் ரத்தம் தெறித்ததையும், தலைமயிரில் பிடித்து வெறுங்காலோடு இழுத்துப்போனதையும் அந்த அறை அதிரக் கத்திச் சொன்னேன். கிழவிக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் என்னைத் தடுக்கவில்லை.

நான் ஓய்ந்ததும் மகள் போய் என் சப்பாத்துகளைப் பொறுக்கி வந்தாள். அழுதுகொண்டே குந்தியிருந்து என் காலில் மாட்டினாள். பிறகு நாடாவை முடியத் தொடங்கினாள்.

"இறுக்கிக் கட்டு, பிள்ளை" என்றேன்.