பதினொரு விருப்பு வாக்குகள்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுனாமியில் என் அண்ணனின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு வந்த பிரதேச சபைத் தேர்தலில் அண்ணன் சுயேச்சைக் குழுவில், தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல் சின்னத்தில் நின்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் எதையும் கேட்க எனக்குத் தோன்றாது.

வாக்குச் சீட்டில் வேட்பாளர்களுக்கான இலக்கங்களில் அண்ணனின் விருப்பு இலக்கத்தைத் தேடி, பெருக்கல் குறி போலப் புள்ளடி போட்டேன். மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் பெறுபேறு வந்தது. அண்ணனுக்குப் பதினொரு விருப்பு வாக்கு.

“கேத்தல் கொதிக்கல்ல போல,” என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார்.

அண்ணன் விரலை மடித்து எண்ணினார். “நம்மட குடும்பத்திலயே பன்னிரண்டு வாக்கு. ஒரு ஆள் போடல்ல. அது மச்சான்தான்.” இறந்த அண்ணியின் தம்பியைத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ போட்டதானே புள்ள?”

“ஓம் அண்ணன்.”

“சின்னத்துக்குப் போடாம இலக்கத்துக்கு மட்டும் போட்டிருந்தா எண்ணியிருக்க மாட்டாங்க,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

நான் கேத்தலுக்குப் புள்ளடி போடவே இல்லை. அதை அண்ணனிடம் சொல்லவில்லை. அண்ணன் மச்சானோடு பேசுவதை அன்றே நிறுத்தினார். இன்றுவரை பேசுவதில்லை.

அப்படிப் போட்ட வாக்கு உண்மையிலேயே சேராதா, அண்ணனுக்குக் கிடைத்தது பதினொன்றுதானா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். அதன் பிறகு அண்ணனிடம் சொல்கிறேன்.