ஸ்வெட்டரைக் கழற்றிய நாள்

என் ஒன்றுவிட்ட தங்கைக்கு மூன்று பெண்கள். மூத்தவள் அப்பா சாயல். நடுவுள்ளவள் யார் சாயல் என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை. கடைக்குட்டி அப்படியே எங்கள் சின்னத்தாத்தா, அந்த ஞாபகசக்தி உட்பட. குருவி என்று கூப்பிடுவோம். சலவைக்கடையில் வேலை. சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தாலும், "உங்களோடது காலர் கிழிஞ்ச நீலச் சட்டை" என்று எடுத்து நீட்டுவாள்.

ஒரு வாடிக்கைக்காரி, "உன் உடம்புக்கு இந்தக் கடை பத்தாது போலிருக்கே" என்று சிரித்தாளாம். அன்று பிடித்தது சனி. வீட்டில் கேட்டால் கடையில் சாப்பிட்டேன் என்பாள், கடையில் கேட்டால் வீட்டில் சாப்பிட்டேன் என்பாள்.

முதலில் சந்தேகப்பட்டது கடைக்கார அக்கா. நீராவியும் இஸ்திரிச் சூடுமாக எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டும் இடத்தில் குருவி மட்டும் கம்பளி ஸ்வெட்டரோடு நின்றாள். விரல்நுனி நீலம் பாரித்திருந்தது. தலைமுடி கொத்தாக உதிர்ந்தது, கையிலோ பூனைமுடி முளைத்தது. மாதவிலக்கு நின்றதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேல் மறதி. ஒல்லிக்குச்சி வாத்தியாருக்குக் கறிக்கடைக்காரரின் கால்சட்டையைக் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

"வாத்தியார் அதுல குடும்பத்தோட குடியிருக்கலாம்டி" என்றாள் அக்கா.

குருவி சிரிக்கவில்லை. பொலபொலவென்று அழுதாள். எழுந்தவள் அப்படியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "தீனி இல்லேன்னா உடம்பு தன்னையே தின்னும். கொழுப்பைத் தின்னும், சதையைத் தின்னும். இதயமும் சதைதானே? அதான் நாடி இவ்வளவு மெதுவா ஓடுது. மூளையும் சுருங்கும், மறதியும் அழுகையும் அதனாலதான். பிடிவாதம்னு திட்டாதீங்க, இது நோய்."

"பொழைச்சுக்குவாளா?" என்றாள் தங்கை.

"இந்த வாரம் இதயம் தாங்கிடுச்சுன்னா தைரியமா சொல்வேன்."

மறுநாள் குருவியே, "பசிக்குதும்மா" என்றாள். தங்கை ஓடிப்போய் நாலடுக்குக் கேரியரோடு வந்து நின்றாள். நர்ஸ் வாசலிலேயே மறித்தாள்.

"எடுத்துட்டுப் போங்கம்மா."

"எம்பொண்ணு வாய்விட்டுக் கேட்டிருக்கா. பெத்தவ ஊட்ட உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

"பட்டினி கிடந்த உடம்புல ஒரேயடியா கொட்டினா ரத்தத்துல உப்புச்சத்தெல்லாம் தாறுமாறாகிடும். இதயம் நின்னாலும் நின்னுடும். நாங்க அளந்துதான் குடுப்போம்."

தங்கை கேரியரோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த நாலடுக்கையும் நானும் அவளும் மருந்து விழுங்குவதுபோல் விழுங்கித் தீர்த்தோம். உள்ளே குருவிக்கு அரை டம்ளர் பால்.

தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டினார்கள். வாரம் முடிந்தபோது டாக்டரம்மா, "தாங்கிடுச்சு" என்றார். தங்கை என் தோளில் சாய்ந்து, வந்த நாளிலிருந்து அடக்கிவைத்ததையெல்லாம் அழுதாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்த நாட்கள் உண்டு. மனசுக்குப் பேசும் டாக்டரிடமும் நெடுநாள் போனாள். எலும்பு தேற இன்னும் நாளாகுமாம்.

ஆனால் போன கோடையில், சலவைக்குப் போட்டிருந்த புடவையை வாங்க நான் கடைக்குப் போயிருந்தேன். குருவி ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அக்கா, அந்த ஃபேனைக் கொஞ்சம் போடுங்க, வேகுது" என்றாள். அக்கா கையிலிருந்த வேலையை அப்படியே விட்டுவிட்டு சுவிட்சுக்கு ஓடினாள்.

அந்த நேரம் கறிக்கடைக்காரர் வந்து சட்டைப்பையெல்லாம் தடவினார். "சீட்டைக் காணோம் பாப்பா."

குருவி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்கண்ணே உங்க கால்சட்டை. வாத்தியார் காலி பண்ணிட்டாரு."