வீட்டில் தமிழ் பேசுங்கள் என்றார் அந்த டீச்சர்

இங்கே ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதில்லை. ஆக்லாந்தில் எந்தப் பிள்ளைக்கு எந்த நாளில் ஐந்து வயது முடிகிறதோ, அதையொட்டி அந்தப் பிள்ளைக்கு மட்டும் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதற்கு முன்னால் சில நாள் காலையில் ஓரியன்டேஷன். பிள்ளை வந்து சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், அப்பா அம்மாவும் கூடவே உட்காரலாம். இந்த 2012-இல் என் மகன் கவினுக்கு அப்படி ஒரு காலை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். டீச்சரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். டை கோணலாக இருந்தாலே வாசலில் நிற்க வைக்கிற ஊரிலிருந்து வந்த நான், குட்டி நாற்காலி ஒன்றில் என்னைத் திணித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால், தன் பள்ளிக்கு அன்று விடுமுறை என்பதால் வந்திருந்த என் மகள் நிவேதா. அவளுக்குப் பதினோரு வயது.

டீச்சர் எங்கள் எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டார். தமிழ் என்றேன். “அருமை. தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். அவனோடு தமிழிலேயே பேசுங்கள், தமிழிலேயே கதை சொல்லுங்கள். இங்கிலீஷை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் இங்கிலீஷில். திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது.

ஏன் என்று சொல்கிறேன். 2005-இல் கடலூரில் நிவேதாவை எல்.கே.ஜி. சேர்த்தபோதும் ஓரியன்டேஷன் என்று கூப்பிட்டிருந்தார்கள். பெரிய ஹால், பிளாஸ்டிக் நாற்காலிகள், முன்வரிசையில் அப்பாக்கள், பின்வரிசையில் நாங்கள். கரஸ்பாண்டென்ட் மைக்கைப் பிடித்தார். “நாளையிலேருந்து வீட்டுல தமிழ் கூடாது. அம்மா கெடையாது, மம்மி. சோறு கெடையாது, ரைஸ். நீங்க தமிழ் பேசிப் பேசித்தான் புள்ளைங்க நாக்கு கெட்டுப் போவுது.” இந்தக் கட்டளை முழுவதையும் அந்த மனுஷன் தமிழில்தான் போட்டார். வேறு மொழியில் போட்டிருந்தால் அந்த ஹாலில் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. அது ஒருத்தருக்கும் உறைக்கவில்லை, எல்லாரும் கை தட்டினார்கள்.

என் பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் மட்டும் எழுந்து, “ஏன் சார், பசிக்குதுன்னா புள்ள எப்படி சார் கேக்கும்?” என்றாள்.

“ஐ ஆம் ஹங்ரின்னு கேக்கட்டும். கேக்கற வரைக்கும் போடாதீங்க.”

ஹாலே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். அட, சிரித்துவிட்டுப் போகட்டும், வீட்டுக்கு வந்ததும் அதையே சட்டமாக்கினார். அவர் இன்ஜினியர், இங்கிலீஷ் வரும். நான் சிதம்பரத்தில் தமிழ் மீடியத்தில் படித்தவள். எனக்குத் தெரிந்தது கம், சிட், ஈட், ஸ்லீப். நாய்க்குட்டியோடு பேசுகிற அளவுக்கு இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு நான் பெற்ற பிள்ளையை வளர்க்க வேண்டும். வாய் தவறித் தமிழ் வந்தால், “உனக்கு என்னா சொன்னேன்? அவ உன்ன மாதிரி ஆவணுமா?” என்பார். என்னைப் போல ஆனால் என்ன குடி முழுகிவிடும் என்று அன்றைக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஒரே ஒரு இடம் கிடைத்தது, குளியலறை. குழாயைத் திறந்துவிட்டால் கூடத்துக்குக் கேட்காது. சாயங்காலம் அவளைக் குளிப்பாட்டுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு. “இன்னிக்கி என்னாடி நடந்துச்சி?” என்பேன். தலையில் நுரையோடு கொட்டுவாள். “தண்ணி வேணும்னு கேட்டேன்மா, மிஸ்ஸு பெஞ்சு மேல நிக்க வெச்சுட்டாங்க.” தண்ணீர் என்று சொன்னதற்கு நாலு வயதுப் பிள்ளைக்குத் தண்டனை. குழாயை மூடினால் இருவரும் வாயை மூடிக்கொள்வோம். எங்கள் வீட்டில், எங்கள் தண்ணீரில், திருடிகளைப் போல.

லீவுக்குச் சிதம்பரம் போனால் என் தம்பி அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வான். “மாமா கூட பேச மாட்டியாடி?” என்பான். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். “என்னாக்கா இது, வாயத் தொறக்கறதுக்குக்கூட பர்மிஷன் கேக்குது? நல்லா ஸ்கூல் பாத்தீங்க போ!” என்று அவன் எகிறினான். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். யாருக்கோ சொல்கிறான் என்பது போலப் பக்கத்தைத் திருப்பினார்.

ஒன்றாம் வகுப்பில் ஒரு நாள் நிவேதா, “ஐ வில் பாத் மைசெல்ஃப், மம்மி” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவுதான், முடிந்தது. அதற்குப் பிறகு இங்கே வந்துவிட்டோம். நான் பேசினால் அவளுக்கு ஏதோ கொஞ்சம் புரியும், பதில் மட்டும் தமிழில் வராது. எது கேட்டாலும் ஃபைன். இங்கேயே வளர்ந்த கவினோடு மட்டும் நான் தமிழில் பேசலாமாம். “இங்க தெருவே இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துடும்” என்று இவரே உத்தரவு கொடுத்துவிட்டார். அட மகாராசா!

இதெல்லாம் அந்தக் குட்டி நாற்காலியில் ஒரே மூச்சில் பொங்கி வந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்த்துப் பதறிப் போனார். தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று நினைத்து, இது யோசனைதான், கட்டாயம் இல்லை என்று மன்னிப்புக் கேட்டார். டிஷ்யூ பெட்டியை நகர்த்தினார். கோபம் வந்தால் டிஷ்யூ நீட்டுகிறார்கள் இந்த ஊரில். “நோ, நோ, நாட் யூ” என்றேன், அதற்கு மேல் எனக்கு இங்கிலீஷ் கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் புன்னகையோடு குறுக்கே வந்தார்.

“ஷி இஸ் வெரி ஹாப்பி.”

பின்னாலிருந்து நிவேதாவின் குரல் வந்தது. “நோ டாட். ஷி இஸ் ஆங்ரி.”

அவர் அவளை முறைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரில் எப்போதும் அவரும் அவளும் முன்னால், நானும் கவினும் பின்னால். முன்சீட்டில் இங்கிலீஷ், பின்சீட்டில் தமிழ். கார் கிளம்பி, பள்ளி வாசலைக்கூடத் தாண்டவில்லை, நிவேதா நிறுத்தச் சொன்னாள். முன்சீட்டில் இருந்தபடியே என் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் கேட்டாள். “அவனுக்கு மட்டும் கதை, எனக்கு மட்டும் கம், சிட், ஈட். நான் என்ன தப்பு செய்தேன்?”

“அதெல்லாம் பழைய கத, விடு” என்றார் இவர்.

“வாய மூடுங்க” என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்தார்.

நிவேதா இறங்கினாள். பின்கதவைத் திறந்து, கவினிடம் “தள்ளுடா” என்று சொல்லிவிட்டு எனக்கும் அவனுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவர் டாக்சிக்காரர் போலத் தனியாக முன்னால் இருந்தார். “டெல் மீ” என்றாள் அவள். ஏழு வருஷத்துப் பேச்சு, தொண்டை வரைக்கும் தமிழாக வந்து நின்றது. எவ்வளவு அவளுக்குப் புரியும் என்று தெரியாமல், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தேன். சில வார்த்தைகளுக்கு அவள் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஐந்து வயதுகூட முடியாத பிள்ளை, என் பேச்சை என் மகளுக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தான்.