புர்கி சறுக்கிய நாள்

எங்கள் மலையூர்ப் பனிச்சறுக்கு லிஃப்டின் அடிவாரத்தில் இருபத்துமூன்று குளிர்காலங்கள் நின்றவள் நொட்புர்கா. எல்லோருக்கும் புர்கி. கம்பிவடத்தில் சுற்றிவரும் நாற்காலியைக் கையால் பிடித்து நிதானப்படுத்தி, "உக்காரு, கம்பியை இறக்கு" என்று ஆட்களை மேலே அனுப்புவாள். மேல் நிலையத்தில் இறக்கிவிடுவது லூயிஸ் என்கிற நான். கோடையில் அவளே பெயின்ட் டப்பாவோடு மலையேறி, நடைபாதைப் பாறைகளில் வழிகாட்டும் சிவப்பு வெள்ளைக் குறி போடுவாள்.

"இன்னிக்கு எந்தச் சரிவு நல்லாருக்கு?" என்று சறுக்க வந்தவர்கள் கேட்டால், "இடது பக்கம் போ, வலது பக்கம் பனி இறுகிக் கெடக்கு" என்பாள். காலையில் நான் போனில் சொன்னதுதான். அவள் வாழ்நாளில் சறுக்கியதே இல்லை என்பது எனக்கும் அவள் கணவன் வின்சென்ஸுக்கும் மட்டுமே தெரியும். அடுத்த பள்ளத்தாக்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த வீட்டிலிருந்த ஒரே ஜோடிச் சறுக்குப் பலகை மூன்று அண்ணன்களுக்கே போதவில்லை. வளர்ந்தபின், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பழக வெட்கம்.

பிரேமன் நகரத்தில் டிராம் ஓட்டும் கெசினே ஆண்டுக்கு இரண்டு முறை எங்கள் ஊருக்கு வருவாள்: பிப்ரவரியில் சறுக்க, ஜூலையில் நடக்க. ஒரு ஜூலையில், ஓடைக்கு மேலே தொங்கும் பலகைப் பாலத்தின் முன்னால் அவளுக்குக் கால் எழவில்லை. பக்கத்துப் பாறையில் புர்கி குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியாது. கீழ பாத்தாலே பயமாருக்கு."

"கீழ எதுக்குப் பாக்குற? என் மூஞ்சியப் பாரு. சுமாரா இருந்தாலும் பொறுத்துக்கோ."

இரண்டு கையையும் பிடித்து, புர்கி பின்பக்கமாகவே நடந்து அவளை அக்கரை சேர்த்தாள். புல்லில் உட்கார்ந்து இருவரும் ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் தின்றார்கள்.

"பனியில அவ்ளோ வேகமா எறங்குவ. இந்தப் பலகைக்கா பயந்த?" என்றாள் புர்கி. பிறகு என்ன தோன்றியதோ, "நான் ஒருநாளும் சறுக்கினதில்ல" என்று சொல்லிவிட்டாள்.

கெசினேக்கு ரொட்டி புரையேறியது. "அடிப்பாவி! பத்து வருஷமா அங்க போ இங்க போன்னு என்னை அனுப்பினியே!"

"லூயிஸ் சொன்னதச் சொன்னேன்."

"பிப்ரவரியில வந்து கத்துத்தர்றேன். காலணி அளவு சொல்லு."

சொன்னபடி வந்தாள். புர்கி விடுப்பெடுத்து, இரண்டு நாட்கள் குழந்தைகள் பழகும் மேட்டில் விழுந்து எழுந்தபின், மூன்றாம் நாள் இருவரும் மேலே வந்தார்கள்.

"புர்கி, எந்திரி!" என்று கத்தினேன். ஆயிரமாயிரம் பேரை உட்காரவைத்தவளுக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை! நாற்காலி அவளைச் சுமந்தபடி கீழ்நோக்கித் திரும்பியது. லிஃப்டை நிறுத்தினேன். அந்தரத்தில் தொங்கியவர்களெல்லாம் எட்டிப்பார்த்தார்கள்.

"யாரு அது? நம்ம புர்கியா?"

அவளைக் கைகொடுத்து இறக்கிவிட்ட பின்னும், அவள் சறுக்கக் கிளம்பும்வரை லிஃப்டை ஓட்ட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டியபோதும் மெதுவாகவே ஓட்டினேன், எல்லோரும் பார்க்கட்டுமே. கெசினே முன்னால் போக, புர்கி பின்னால் விழுந்து விழுந்து வந்தாள். ஒன்பது முறை. சறுக்குப் பள்ளிச் சிறுமி ஒருத்தி அவளைத் தாண்டும்போது, "முட்டிய மடக்கு!" என்று அதட்டிவிட்டுப் போனாள். நாற்காலிகளிலிருந்து கைதட்டல். கடைசி இருநூறு மீட்டர் அவள் விழவேயில்லை.

கீழே வின்சென்ஸ் கைகளை விரித்து நின்றான்.

"தள்ளு! எனக்கு நிக்கத் தெரியல!"

அவன் நகரவில்லை. இருவரும் பனியில் உருண்டார்கள். புர்கி சிரித்த சிரிப்பு மேல் நிலையத்தில் கேட்டது என்று இன்றும் சத்தியம் செய்வேன். அப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து வயது.

இப்போது கடைசி நாற்காலியில் அவளும் மேலே வந்துவிடுகிறாள்; லிஃப்டை மூடியதும் நாங்கள் சேர்ந்துதான் இறங்குகிறோம். பாதி வழியில் நின்று, எதிர்ச் சிகரத்தில் வெயில் சிவப்பதைப் பார்ப்பாள்.

"வா புர்கி, குளிருது."

"நீ போ லூயிஸ். எனக்கு இன்னும் பாதி மலை பாக்கியிருக்கு."