தாகந்தீர்த்தான்பட்டி என்ற பெயர்

ஐம்பதுகளின் கடைசியில், தாயில்பட்டிக்குப் பக்கத்தில் நான் வாத்தியாராக இருந்தேன். எங்கள் தபால்காரர் ஒல்லியான மனிதர். பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து, ஊர்ப் பெயர்களைச் சத்தமாகச் சொல்லிக் கடிதங்களைப் பிரிப்பார். தாகந்தீர்த்தான்பட்டியை மட்டும் "அந்த ஊர்" என்பார்.

அந்த ஊர்க் கோயில் கும்பாபிஷேக மலருக்கு ஊர் வரலாறு எழுதும் வேலை எனக்கு வந்தது. வழிப்போக்கன் ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்ததால் வந்த பெயர் என்று கோயிலை நடத்தும் பெரிய வீட்டார் சொன்னதைத் தபால்காரரிடம் சொன்னேன்.

அவர் கை நின்றது. "அந்த வழிப்போக்கன் எங்க வம்சத்து ஆளு, வாத்தியாரையா. அவுக கெணத்துல எறங்கித் தண்ணி குடிச்சாருன்னு அடிச்சே கொன்னுட்டாக. பெறவு மழையில்லாமப் போகவும், பயந்துபோயி தண்ணிப்பந்தல் வச்சாக. பேரும் அப்ப வச்சதுதான்."

"இதையே எழுதட்டுமா?"

"எழுதுங்க. நான் சொன்னேன்னு மட்டும் எழுதிராதீக. எங்க ஆளுக இன்னும் அங்கனதான் இருக்காக."

எழுதினால் அவருக்கு ஆபத்து என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயந்தது எனக்காகத்தான். பெரிய வீட்டார் கதையையே எழுதினேன்.

சிவகாசியில் அச்சான மலர் தபாலில் வந்தது. அவர்தான் கொண்டுவந்தார். கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தை நின்றபடியே முழுக்க வாசித்தார்.

"படமெல்லாம் நல்லா அச்சடிச்சிருக்காக" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் தினமும் வந்தார். ஒருநாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. என்னை மன்னித்துவிட்டாரா, இல்லை, முதலிலிருந்தே என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.